கடலூர் அஞ்சலை அம்மாள் ஆவணத் தொகுப்புக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

கடலூர் முதுநகரில் 1890ஆம் ஆண்டு பிறந்த அஞ்சலை அம்மாள், 1921ஆம் ஆண்டு ஒத்துழையாமை இயக்கத்தின் வழியே விடுதலைப் போராட்டத்துக்கு வந்து, குடும்பச் சொத்தையும் அதற்காகவே செலவிட்டவர். 1857 எழுச்சியை ஈவிரக்கமின்றி ஒடுக்கிய கர்னல் நீலின் சிலையைச் சென்னை மவுண்ட் ரோட்டிலிருந்து அகற்றக் கோரி 1927இல் நடந்த சத்தியாகிரகத்தில், ஒன்பது வயது மகள் அம்மாக்கண்ணுவையும் உடன் அழைத்துச் சென்று, இருவருமாகச் சிறைப்பட்டனர். அச்சிறுமிக்குக் காந்தியடிகள் லீலாவதி என்று பெயரிட்டுத் தம் ஆசிரமத்துக்கு அழைத்துக்கொண்டார். அஞ்சலை அம்மாள் சென்னைச் சட்டமன்ற உறுப்பினரான 1937ஆம் ஆண்டிலேயே, ராஜாஜி அமைச்சரவை அந்தச் சிலையை அங்கிருந்து அகற்றியது.

1932ஆம் ஆண்டு வாக்கில் கருவுற்ற நிலையில் வேலூர்ச் சிறையில் இருந்தவரைப் பேறுகாலத்துக்காக வெளியே விட்ட அரசு, பிள்ளை பிறந்த சில நாட்களிலேயே மீண்டும் சிறைக்கு அனுப்பியது. அந்தப் பிள்ளைக்கு ஜெயில்வீரன் என்று பெயர் வைத்தார்கள். காந்தியடிகள் 1934இல் கடலூர் வந்தபோது, அஞ்சலை அம்மாள் அரசின் தடையை மீறி பர்தா அணிந்து குதிரை வண்டியில் சென்று அவரைச் சந்தித்தார் என்பதையும், தென்னாட்டின் ஜான்சி ராணி என்று காந்தியடிகள் அம்மையாரைப் பாராட்டினார் என்பதையும் ஊரில் இன்றும் சொல்கிறார்கள்.

இவற்றுள் பெரும்பகுதி வாய்மொழியாகவே நம்மிடம் வந்து சேர்ந்தது என்பதுதான் எங்கள் கவலை. அதே காலத்தில் வேலூரில் சிறையிருந்த விடுதலைப் போராட்ட வீராங்கனை அம்புஜம்மாளின் வாழ்வை அவரே எழுதிய தன்வரலாற்றின் மூலம் அறிய முடிகிறது. அஞ்சலை அம்மாளோடு மறியலுக்குச் சென்ற தென்னார்க்காட்டுப் பெண்களில் பலருடைய பெயரைக்கூட இன்று ஊரில் எவரும் சொல்வதில்லை. அவர்களை அம்மா என்றும் ஆத்தா என்றும் அழைத்து வளர்ந்தவர்களுக்கும் வயதாகிவிட்டது. இனியும் தாமதிப்பது சரியன்று.

ஆகவே, சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அக்காலக் காவல்துறை, சிறைத்துறைக் கோப்புகளைத் தேடிப் படியெடுக்கவும், குடும்பங்களிடம் உள்ள கடிதங்களையும் புகைப்படங்களையும் ஸ்கேன் செய்து மூலத்தை அவர்களிடமே திருப்பித் தரவும், முதியோரின் நினைவுகளை ஒலிப்பதிவு செய்யவும், இவை அனைத்தையும் எவரும் வந்து படிக்கும்படி முதுநகரில் ஒரு வாசிப்பறையில் வைக்கவும் முடிவு செய்துள்ளோம். ஊர்க்கதையும் கோப்பும் முரண்படும் இடங்களில் இரண்டையும் அப்படியே பதிவு செய்வோம். அம்மையாரின் பெருமைக்கு மிகைப்படுத்தல் தேவையில்லை.

குழுவினர் எவரும் ஊதியம் பெறுவதில்லை. பயணம், படியெடுப்பு, ஒலிப்பதிவுக் கருவி, அறை வாடகை ஆகியவற்றுக்கே பணம் வேண்டியிருக்கிறது. நூறு ரூபாயாயினும் அன்புடன் பெற்று ரசீது வழங்குவோம். வரவு செலவுக் கணக்கை மாதந்தோறும் வாசிப்பறையின் வாசலில் ஒட்டுவோம். பணம் தர இயலாதவர்கள், தங்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய பெட்டியைத் திறந்து, சிறைக்கடிதமோ தியாகிச் சான்றோ இருந்தால் எங்களுக்குத் தெரிவித்தால் அதையும் நன்கொடையாகவே பதிவேட்டில் எழுதுவோம்.

இங்ஙனம்,
ஆவணத் தொகுப்புக் குழுவினர்,
கடலூர்.