பிடிவாரண்டில் விலாசம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற பங்குனியில் ஒரு நாள் காலை ஏழரை மணிக்கு எங்கள் வீட்டு வாசலில் ஒரு காவலர் வந்து பைக்கை நிறுத்தினார். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்து என் பெயரைச் சொன்னார். என் அப்பச்சி (அப்பா) பெயரையும் சொன்னார். "ஆமாம், நான்தான்" என்றேன். "ஐயா, உங்க பேர்ல பிடிவாரண்டு இருக்கு. ஸ்டேஷன் வரைக்கும் வந்துட்டுப் போயிருங்க" என்றார். வளவில் வற்றலுக்கு மாவு கிண்டிக்கொண்டிருந்த என் மனைவி கரண்டியோடு அப்படியே முகப்புக்கு வந்துவிட்டாள்.

எனக்கு வயது 68. கூட்டுறவுச் சங்கத்தில் 31 வருடம் பேரேடு எழுதியவன். ஒருவருக்கும் காசோலை கொடுத்து ஏமாற்றியதில்லை. அதனால் பயத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. காகிதத்தைக் காட்டச் சொன்னேன். பிடிக்க வருகிறவர் வாரண்டின் சாரத்தைச் சொல்ல வேண்டும், கேட்டால் காட்டவும் வேண்டும். இது சட்டத்திலேயே இருக்கிறது. அவரும் முகம் சுளிக்காமல் நீட்டினார்.

அச்சடித்த படிவம். மேலே கோர்ட் பெயர். அதன் கீழ் எஸ்.டி.சி. என்று தொடங்கும் ஒரு வழக்கு எண், வருடம். குற்றம் என்ற இடத்தில் 138 என்.ஐ. ஆக்ட், அதாவது செக் கேஸ். அடியில் கையெழுத்து, வட்ட முத்திரை. பேனாவால் நிரப்பிய இடத்தில் என் பெயர், த/பெ என் அப்பச்சி பெயர், எங்கள் தெரு. கதவு எண் இல்லை. விலாசமும் இல்லை.

மற்ற ஊர் வாசகர்களுக்கு: விலாசம் என்று செட்டிநாட்டில் நாங்கள் சொல்வது முகவரியை அல்ல, பெயருக்கு முன்னால் வரும் எழுத்துகளை. ராம., மெ.ராம., அரு.சொ. என்று குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். மூத்த பேரனுக்கு ஐயா (அப்பாவின் அப்பா) பெயரை வைப்பது எங்கள் வழக்கம். ஆகவே ஒரே பெயர் தலைமுறை தாண்டித் தாண்டி வந்துகொண்டே இருக்கும். பெயர் சொக்கலிங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோயில் வரிப் புத்தகத்தில் பார்த்தால் எங்கள் ஊரில் மட்டும் பதினோரு சொக்கலிங்கம். அவர்களைப் பிரித்துக் காட்டுவது விலாசம் ஒன்றுதான். மொய் எழுதுகிறவர்கூட அதைக் கேட்காமல் எழுத மாட்டார். வாரண்டு எழுதியவர் விட்டுவிட்டார்.

ஸ்டேஷனில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆதாரையும் குடும்ப அட்டையையும் கொண்டு போயிருந்தேன். வக்கீல் நண்பர் ஒருவர் போனிலேயே அந்த வழக்கு எண்ணைப் போட்டு இகோர்ட்ஸ் என்ற கோர்ட் இணையதளத்தில் பார்த்தார். வழக்குப் போட்டவர் யாரென்று தெரிந்ததும் விஷயம் விளங்கிவிட்டது. வழக்கு எங்கள் தெருவின் கடைசி வீட்டுக்காரர் மேல். அவர் எனக்குப் பங்காளிகூட இல்லை. ஆனால் அதே பெயர், அப்பச்சி பெயரும் அதே. சென்னைக்குப் போய் வருடக்கணக்காகிறது. ரைட்டர் ஒரு வாக்குமூலம் எழுதி வாங்கிக்கொண்டு என்னை அனுப்பி வைத்தார். காவலர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர்கள் கையில் கொடுத்த காகிதம் அப்படி.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டுப் பெண்ணை உட்கார வைத்து, வேறு ஏதாவது என் பெயரில் கிடக்கிறதா என்று தேடச் சொன்னேன். அழகப்பாவில் எம்.காம். படிக்கிற பெண், கை வேகம். மாநிலம், மாவட்டம், கோர்ட் வளாகம் தேர்ந்தெடுத்து, தரப்பினர் பெயர், வருடம், நிலுவையா முடிந்ததா என்பதையெல்லாம் கொடுத்து, கோணல்மாணலாகத் தெரியும் எழுத்துகளையும் அடிக்க வேண்டும். வருடம் போடாமல் நகராது. வழக்கு எந்த வருடத்தது என்று தெரியாதவர் ஒவ்வொரு வருடமாகப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான். பெயரை ஆங்கிலத்தில் அடித்தோம். சொக்கலிங்கத்தைச் சி.எச். போட்டு எழுதலாம், எஸ். போட்டு எழுதலாம், நடுவில் ஒரு கே., இரண்டு கே., சி.கே. என்று எதுவும் போடலாம். முதல் மூன்று வகையிலும் அந்தக் கடைசி வீட்டுக்காரர் வழக்கு வரவே இல்லை. எஸ்.ஸில் தொடங்கி ஒற்றைக் கே. போட்ட நாலாவது வகையில்தான் வந்தது. வழக்கு எண்ணைக் காலையிலேயே பார்த்திராவிட்டால், ஒன்றுமில்லை என்று மூன்றாவதோடு மூடிவைத்திருப்போம்.

உள்ளே போனால், வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்ற இடத்தில் என்.பி.டபிள்யூ. என்று மூன்று ஆங்கில எழுத்து. அது ஜாமீனில் விட முடியாத பிடிவாரண்டு என்பதை எங்களுக்குச் சொன்னவர் வக்கீல்தான். வாய்தா தேதிகள் வரிசையாக இருக்கின்றன. தேதியைத் தொட்டால் அன்று கோர்ட்டில் நடந்தது ஓரிரு வரியில் திறக்கிறது. அந்த வரிகளைப் பார்த்தால்தான் கதை தெரியும்: சம்மன் போனது, திரும்பியது, மறுபடி போனது, பிறகு வாரண்டு.

சம்மன் ஏன் திரும்பியது என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த வீட்டின் தேக்குக் கதவில் ஒரு சாண் நீளப் பூட்டுத் தொங்குகிறது. சித்திரையில் ஒரு தடவை திறப்பார்கள், கல்யாணம் வந்தால் திறப்பார்கள். ஆள் அகப்படாவிட்டால் சம்மனை வீட்டில் எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டவும் சட்டம் வழி வைத்திருக்கிறது. எங்கள் தெருவில் அதை ஒட்டினால் படிக்கப் போவது ஆடுதான். இப்படிப் பூட்டிய வீடுகள் இங்கே தெருவுக்குத் தெரு.

வாரண்டைப் பற்றி அந்த வாரம் நான் கற்றுக்கொண்டதில் இரண்டு விஷயம் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, அதற்குக் காலாவதி கிடையாது. கொடுத்த கோர்ட்டே ரத்து செய்யும்வரை, அல்லது நிறைவேற்றப்படும்வரை, அது உயிரோடுதான் இருக்கும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இது 70ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 72. "பத்து வருஷமாச்சே, தானா அழிஞ்சிருக்கும்" என்று திண்ணையில் பேசுகிறவர்கள் கவனிக்கவும். இரண்டு, எல்லா வாரண்டும் ஒன்றல்ல. ஜாமீனில் விடக்கூடிய வாரண்டு என்றால் எத்தனை ஜாமீன்தாரர், எவ்வளவு தொகை என்று அதிலேயே குறித்திருக்கும். அதற்கு எழுதிக் கொடுத்தால் வந்த அதிகாரியே விட்டுவிடலாம். விட முடியாதது என்றால் 24 மணி நேரத்துக்குள் கோர்ட்டில் நிறுத்துவார்கள். முதலில் சம்மன், பிறகு ஜாமீனில் விடக்கூடியது, அதற்கும் வராவிட்டால்தான் மற்றது என்று இந்தர் மோகன் கோஸ்வாமி வழக்கில் 2007இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வழக்கில் சாட்சியாக இருப்பவர் வராவிட்டால் அவருக்கும் வாரண்டு வரும் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

கடைசி வீட்டுக்காரருக்கு நான்தான் போன் செய்தேன். மனுஷன் பதறிவிட்டார். "அண்ணே, அந்தக் கணக்கை எப்பவோ தீர்த்துட்டேனே, வாபஸ் வாங்கிக்கிறேன்னு சொன்னாரே" என்றார். பணத்தைக் கொடுத்தவர் கோர்ட்டுக்குச் சொல்லவில்லை, வாங்கியவரும் சொல்லவில்லை. கோர்ட் பேரேட்டில் பாக்கி பாக்கியாகவே நின்றது. கணக்கு எழுதியவன் என்ற முறையில் கேட்கிறேன், வரவு வைத்த ரசீது இல்லாமல் யார் கணக்கை முடிப்பார்கள்? மறு வாரமே வந்து, வக்கீலோடு ஆஜராகி, வாரண்டை ரத்து செய்ய மனுப் போட்டார். ரத்தும் ஆனது. பெனாங்கில் இருக்கும் மகனிடம் போவதற்காகப் பாஸ்போர்ட் புதுப்பிக்க இருந்தாராம். கோர்ட் வாரண்டு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கலாம் என்று 1967ஆம் வருட பாஸ்போர்ட் சட்டத்தின் 6ஆவது பிரிவு சொல்கிறது. என் வீட்டுக்குத் தவறி வந்த காவலரால் அவருக்கு நன்மைதான்.

ஒன்றை மட்டும் அவரிடம் கண்டிப்பாகச் சொன்னேன். ரத்து உத்தரவின் சான்றிட்ட நகலை நகல் மனுப் போட்டு வாங்கி, ஒன்றை ஸ்டேஷனில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள், ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். கோர்ட்டில் ரத்தானது ஸ்டேஷன் கோப்பில் ஏறும்வரை பழைய காகிதம் அங்கேயேதான் கிடக்கும். அடுத்த பங்குனியிலும் அது என் வாசலுக்கு வரக் கூடாது, பாருங்கள்.

நீதித்துறை அதிகாரிகளின் கவனத்துக்கு உங்கள் பத்திரிகை மூலம் சில வேண்டுகோள்கள். எங்கள் மாவட்டக் கோர்ட்டுகளிலாவது எதிரியின் (குற்றம் சாட்டப்பட்டவரின்) பெயரைத் தமிழில், விலாசத்தோடும் கதவு எண்ணோடும் பதிவு செய்ய வேண்டும். புகார் மனுவைச் சரிபார்க்கும்போதே இதைக் கேட்டு வாங்கலாம். இகோர்ட்ஸில் தெரியும் சுருக்கெழுத்துகளுக்குத் தமிழில் பொருள் எழுதி ஒரு பலகையைக் கோர்ட் வளாகத்தில் மாட்டினால் போதும், பெரிய செலவில்லை. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 15100 என்ற எண்ணில் கேட்கலாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. இதையும் அந்தப் பலகையிலேயே எழுதட்டும்.

வெளியூரில் இருக்கும் நம்மவர்கள் வருடத்துக்கு ஒரு தடவை வீட்டைத் திறக்கும்போது, மின்கட்டணம் பார்க்கிற மாதிரி இகோர்ட்ஸில் உங்கள் பெயரையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். வழக்கு ஏதாவது இருந்தால், எழுத்தும் எண்ணுமாக 16 இடங்கள் கொண்ட, அந்த வழக்குக்கே உரிய சி.என்.ஆர். எண்ணைக் குறித்து வையுங்கள். அதை வைத்துத் தேடப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் வேண்டியதில்லை.

என் பெயரை வெளியிட வேண்டாம். விலாசம் இல்லாமல் போட்டால் ஊரில் மற்ற பத்துப் பேருக்கும் போன் போகும். விலாசத்தோடு போட்டால் எனக்கு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்க எழுத்தர்,
தேவகோட்டை வட்டம்.