அப்பாவைச் சுமந்தவர்களுக்கு

அன்புடையீர்,

எங்கள் அப்பாவின் கருமாதி நல்லபடியாக முடிந்துவிட்டது. இப்படிப்பட்ட மடல்களில் "மலர்வளையம் சார்த்தியோர், நேரிலும் தொலைபேசியிலும் அனுதாபம் தெரிவித்தோர் அனைவருக்கும்" என்று ஒரே வரியில் கும்பிடு போட்டுவிடுவது வழக்கம். அப்பாவுக்கு அது பிடிக்காது. தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் யார் யாருக்கு எவ்வளவு என்று எண்ணிக் கொடுத்துவிட்டுத்தான் எங்களுக்குத் துணி எடுப்பார். ஆகவே ஆள் ஆளாகச் சொல்லப் பார்க்கிறேன். விடுபட்டவர்கள் உரிமையோடு சண்டைக்கு வரலாம்.

நுவரெலியா வைத்தியசாலையில் இரவு வேலை பார்த்த அந்தத் தாதிக்கு முதல் நன்றி. சிங்களவர். வார்டில் கிடக்கும் நம் ஆட்களிடம் கேட்டுக் கேட்டுப் படித்த தமிழில், "ஐயா, ஒரு வாய் கஞ்சி" என்று கெஞ்சுவார். நாங்கள் ஊட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்ட மனிதர், அவரிடம் மட்டும் மறுக்காமல் வாயைத் திறந்தார். அம்மாவுக்கு அதில் இன்னும் சற்று வருத்தம்தான்.

மரண உதவிச் சங்கத்துக்குச் சம்பளத்தில் சந்தா பிடிக்கும்போது நாம் முணுமுணுக்காத மாதமில்லை. ஆனால் நாங்கள் வீட்டுக்கு வந்து சேரும் முன்பே கொட்டகைத் தகரமும் கதிரைகளும் வாசலில் இறங்கியிருந்தன. பெட்டிக்காக யாரிடமும் கைநீட்டும் நிலை வரவில்லை. சங்கத்தாருக்கு நன்றி. தேயிலைத் தூளும் சீனியும் அனுப்பிய டவுன் கடை நானாவுக்கும் நன்றி.

எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவுக்கு லொறி ஏறாது. பாதையைத் திருத்தித் தருவதாகத் தேர்தலுக்குத் தேர்தல் வாக்களித்தவர்களுக்கு இந்த மடலில் இடமில்லை. ஆனி மழையில், பாசி பிடித்த படிக்கட்டில் சாக்கு விரித்து, பெட்டியை ஒரு பக்கமும் சாயவிடாமல் தூக்கிச் சென்ற தம்பிமார்களுக்கு இடம் உண்டு. கொழும்பில் கடைகளில் நிற்கும் பிள்ளைகள் அவர்கள். இரவு பஸ் பிடித்து வந்து, குழி வெட்டி, அப்பாவை இறக்கி வைத்துவிட்டு, ஈர உடுப்போடு மறுபடியும் பஸ் ஏறினார்கள். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்தில் அடுப்பு மூட்டி, அன்றைய பேரையும் (நாட்சம்பளத்தையும்) விட்டுக்கொடுத்து ஊருக்கே சமைத்த அக்காமாருக்கு என்ன சொல்வது? தொண்டை கட்டும்வரை ஒப்பாரி வைத்ததும் அவர்கள்தான்.

அப்பா காலமெல்லாம் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இருந்தவர். உருட்டிய கொழுந்தில் பச்சை வாசம் போய்ச் செம்பு நிறம் ஏறும் பதத்தை மணிக்கூடு பார்க்காமல் மூக்காலேயே சொல்வார். ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தூளாகும். மிச்ச மூன்றரைக் கிலோ எங்கே போகிறது என்று சிறுவயதில் கேட்டோம். "காற்றுக்குக் கொடுத்தேன். அதுவும் சாப்பிட வேண்டாமா?" என்றார். ஊருக்கெல்லாம் முதல்தரத் தூள் சலித்து அனுப்பிவிட்டு, வீட்டில் உள்ளங்கைச் சீனியை நக்கிக்கொண்டு டஸ்ட் தூளின் சாயத்தண்ணீர் குடித்தார். அதிகம் பேசமாட்டார். சிரித்தால் பல் தெரியாது.

இவ்வளவுதான் அப்பா என்று நினைத்திருந்தோம். அப்படி இல்லை என்று காட்டியவர் தமிழ்நாட்டில் கூடலூர்ப் பக்கம் இருக்கும், அப்பாவின் கூட்டாளி மாமா.

1964 அக்டோபர் 30 அன்று இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்டு, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மலையகத் தமிழரான நம்மைப் பங்கு பிரித்தார்கள். ஒரே லயத்து வரிசை வீட்டில், அடுத்தடுத்த காம்பரா அறைகளில் வளர்ந்தவர்கள் அப்பாவும் மாமாவும். மாமா வீட்டார் இந்தியாவுக்கு விண்ணப்பித்தார்கள். எங்கள் தாத்தா அசையவில்லை. தலவாக்கலையில் ரயிலேறி, தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாமில் காத்திருந்து, மாமா மறுபடியும் ஒரு தேயிலை மலைக்கே போய்ச் சேர்ந்தார். அப்பாவுக்கோ குடியுரிமை கிடைத்தது 2003 ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான். "அவன் இந்தியாவுக்குப் போய் சிலோன்காரன் ஆனான். நான் சிலோனிலேயே இருந்து இந்தியத் தமிழன் ஆனேன்" என்பார். அவர் சொன்ன மிக நீளமான அரசியல் பேச்சு அதுதான்.

அடக்கத்தன்று மாமாவின் பேரன் தொலைபேசித் திரையில் அவரைக் காட்டினான். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் வைத்துவிட்டார். கருமாதிக்கு முந்தின இரவு, வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, அவரே அழைத்தார். ஒரு மாசி மாதக் காமன் கூத்தில் தான் மன்மதன் என்றும், ரதி வேறு யாருமில்லை, எங்கள் அப்பாதான் என்றும் சொன்னார்! அப்பாயியின் சிவப்புச் சேலையைக் கட்டி, அப்போதுதான் அரும்பிய மீசையை எடுக்க மாட்டேன் என்று அடம்பிடித்து, முந்தானையால் வாயை மூடிக்கொண்டே லயம் லயமாக ஆடினாராம். காமனை எரித்த இரவில் ரதி அழுத அழுகையில் தப்புப் பறை அடித்தவர்களே கையை நிறுத்திவிட்டார்களாம்.

"காமனை எரித்த பொட்டலில் எனக்காக அவன் அழுதான். இப்போது நான் அழவேண்டிய முறை. கடனை வைத்துக்கொள்ளக் கூடாது, அம்மா" என்றார் மாமா. நாங்கள் அழுதோம். மூலையில் இருந்த அம்மா மட்டும், "எனக்குத் தெரியாததா? பக்கத்துத் தோட்டத்திலிருந்து கூத்துப் பார்க்க வந்து, அந்த ரதியைப் பார்த்துத்தானே கட்டிக்கொண்டேன்" என்றார். பிறகு சாவு வீடு என்றும் பாராமல் எல்லோரும் சிரித்த சிரிப்பு கீழ் லயம்வரை கேட்டிருக்கும். தவறாக நினைக்க வேண்டாம்.

மாமா, உங்கள் உடம்புக்கு இனிக் கடல் தாண்டி வரமுடியாது என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அழையுங்கள். அம்மாவிடம் இன்னும் கதை இருக்கிறதாம்.

கருமாதிச் சமையலுக்கு வந்த பெரிய அண்டா ஒன்றும், பிடி உடைந்த கறுப்புக் குடை ஒன்றும் எங்கள் வீட்டில் தங்கிவிட்டன. உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். அம்மா வீட்டில்தான் இருப்பார்.

நன்றியுடன்,
மனைவி, பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் சார்பில்,
மூத்த மகள்,
தலவாக்கலை.