ஜூன் மாதச் சோம்பேறி எழுதுவது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பள்ளித் திறப்பை ஒட்டித் தாங்கள் எழுதிய தலையங்கத்தை எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒருவர் சத்தமாக வாசித்தார். குடிநீர், கழிப்பறை, பள்ளி வேன் சோதனை என்று ஆண்டுதோறும் எழுதுவதை இந்த ஆண்டும் எழுதியிருந்தீர்கள், சரி. நடுவில் ஒரு வரி: "அரசுப் பள்ளி ஆசிரியர்கள் விடுமுறைச் சோம்பலை உதறிவிட்டு முதல் நாளிலிருந்தே பாடம் நடத்த முன்வர வேண்டும்." வாசித்தவர் அதோடு நிறுத்திவிட்டு ஆறிப்போன டீயைக் குடித்தார். யாரும் ஒன்றும் பேசவில்லை. எனக்குத்தான் அன்று இரவு தூக்கம் வரவில்லை.

எந்த விடுமுறை என்று சொல்லியிருந்தால் உதவியாக இருந்திருக்கும். ஏப்ரல் கடைசியில் பத்தாம் வகுப்பு விடைத்தாள் திருத்தும் முகாமில் இருந்தேன். 2025 மே 16 அன்று முடிவு வந்தது. மாநிலத்தில் 93.80 சதவீதம் தேர்ச்சி என்று எல்லாப் பத்திரிகைகளும் கொண்டாடின. மீதி 6.20-ல் நான்கு பேர் எங்கள் பள்ளிப் பிள்ளைகள். ஜூலை துணைத்தேர்வுக்கு அவர்களை விண்ணப்பிக்க வைக்க வேண்டும். ஒருவன் அதற்குள் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான். அவன் அப்பாவிடம் மூன்று முறை போனில் கெஞ்சினேன். நடுவே ஆறாம் வகுப்புச் சேர்க்கைக்காகக் கத்திரி வெயிலில் வீடு வீடாகப் போனோம். "எங்க புள்ளைய வேன்ல அனுப்பப்போறோம் டீச்சர்" என்று திண்ணையிலேயே நிறுத்தி மோர் கொடுத்து அனுப்பினார்கள். மோருக்கு நன்றி.

ஜூன் 2 பள்ளி திறந்தது. அன்று என்ன செய்தேன் என்று தாங்கள் கேட்டிருக்கலாம். காலையில் பாடப்புத்தகக் கட்டுகளை இறக்கினோம். குட்டியானை வாடகையைப் பங்கு போட்டுக்கொண்டோம். அப்புறம் எமிஸ். கல்வித்துறையின் மாணவர் விவர இணையதளம், தங்களுக்குத் தெரியாததல்ல. பிள்ளைகளின் ரத்த வகையிலிருந்து அப்பாவின் வருமானம் வரை ஏற்ற வேண்டும், என் போனில், என் நெட்டில். பக்கத்துத் தனியார் பள்ளியிலிருந்து ஒரு பெண்பிள்ளை எங்களிடம் வந்து சேர்ந்தாள். பழைய பள்ளி அவள் பெயரை எமிஸின் 'காமன் பூலில்', அதாவது பொதுப் பட்டியலில், விட்டால்தான் எங்கள் கணக்குக்கு வருவாள். கட்டணப் பாக்கி என்று அவர்கள் விடவில்லை. மூன்று வாரம் அந்தப் பிள்ளை முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அப்படி ஒரு பிள்ளையே எங்கள் பள்ளியில் இல்லை. நீங்களும் ஆசிரியர்தான், நானும் ஆசிரியர்தான். உங்கள் நாற்காலிக்கு எமிஸ் கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பாடம் நடத்தவே இல்லையா என்றால், நடத்தினேன். ஒன்பதாம் வகுப்பு கணக்குப் புத்தகத்தில் முதல் பாடம் 'கண மொழி', அதாவது செட். அதைத் திறப்பதற்கு முன் 83-ஐ 7-ஆல் வகுக்கச் சொன்னேன். 41 பேரில் 12 பேருக்கு விடை வந்தது. எட்டாம் வகுப்பு வரை யாரையும் ஃபெயிலாக்கக் கூடாது என்பதை நான் குறை சொல்ல மாட்டேன். ஃபெயிலாக்கினால் பாதிப் பேர், முக்கியமாகப் பெண்பிள்ளைகள், படிப்பையே விட்டுவிடுவார்கள். ஆனால் இத்தனை வருடம் யாரும் கேட்காத கேள்வியை ஒன்பதாம் வகுப்பில் நான்தான் முதலில் கேட்கிறேன். ஆகவே ஜூன் முழுவதும் வகுத்தல். பார்வைக்கு வந்த அதிகாரி என் பாடக்குறிப்பைப் புரட்டிவிட்டு, "கண மொழி இன்னும் தொடங்கப்படவில்லை" என்று எழுதிவிட்டுப் போனார். தங்கள் தலையங்கமும் அவர் எழுதியதும் ஒரே கையெழுத்துப் போல எனக்குத் தோன்றியது.

இது புதிதும் இல்லை. 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்தோம் என்று 1.7 லட்சம் ஊழியர், ஆசிரியர்களை ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பினார்களே, அதில் நானும் ஒருத்தி. வேலைக்குச் சேர்ந்து ஐந்தே வருடம், கையில் குழந்தை. "இவங்களுக்கு வேணும்" என்று டீக்கடையில் பத்திரிகை பார்த்துப் பேசியவர்களின் பிள்ளைகளுக்கும் பிறகு நான்தான் பாடம் சொன்னேன். கொரோனாவில் 'சும்மா இருந்து சம்பளம் வாங்குகிறவர்கள்' என்றார்கள். தங்கள் பத்திரிகைக்கு ஜூன் மாதம் என்றால் முதல் நாள் அழும் ஒன்றாம் வகுப்புக் குழந்தையின் படம். இரண்டாம் நாள் முதல் யார் அழுகிறார்கள் என்று எந்தப் புகைப்படக்காரரும் வந்து பார்த்ததில்லை.

சரி, ஒரு சின்ன விஷயம் கேட்கத்தான் எழுத உட்கார்ந்தேன். இலவசச் சீருடை எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. ஒன்பதுக்கு வந்தவர்கள் காசு கொடுத்துத் தைக்க வேண்டும், ஜூனில் பலரிடம் காசு இருக்காது. என் வகுப்புப் பையன் ஒருவன் கலர் சட்டையில் டவுன் பஸ் ஏறினான். பழைய பாஸைக் காட்டியிருக்கிறான். "இது போன வருஷப் பாஸ்" என்று கண்டக்டர் பாதி வழியில் இறக்கிவிட்டார். அதே பஸ்ஸில் பெண்பிள்ளைகளுக்கு 2021-லிருந்து டிக்கெட்டுக்குக் காசு கிடையாது, அவர்கள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே போனார்கள். இவன் நடந்து வந்து சேர்வதற்குள் செயலியில் வருகைப் பதிவு முடிந்து 'ஆப்சென்ட்' ஆகிவிட்டான்.

புது பாஸ் வரும்வரை பழைய பாஸைக் காட்டியோ சீருடையிலோ மாணவர்கள் பயணம் செய்யலாம் என்று ஒவ்வொரு ஜூனிலும் அறிவிப்பு வருகிறது. தங்கள் பத்திரிகையிலும் எங்கோ உள்பக்கத்தில், நகைக்கடை விளம்பரத்துக்குக் கீழே வருகிறது. அதை ஒரே ஒரு நாள் பெரிய எழுத்தில் கட்டம் கட்டிப் போடுங்கள். வெட்டி அந்தப் பையனின் சட்டைப் பையில் வைத்துவிடுகிறேன்.

என் பெயரும் ஊரும் வேண்டாம். 1973-ஆம் ஆண்டு அரசு ஊழியர் நடத்தை விதிகள் இன்னும் நடைமுறையில்தான் இருக்கின்றன.

இப்படிக்கு,
கணக்கு டீச்சர்,
ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி