எங்கள் ஊர்க் கல்வி மன்றம்: 2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய மன்றத் தலைவர் அவர்களே, தலைமையாசிரியை அவர்களே, பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி அவர்களே, வந்திருக்கும் உறுப்பினர்களே, வர இயலாத உறுப்பினர்களுக்குப் பதிலாக வந்திருக்கும் அவர்தம் வீட்டாரே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய உள்ள ஓராண்டில் செயற்குழு பன்னிரண்டு முறை கூடியிருக்க வேண்டும். ஏழு முறை கூடியது. மே மாதக் கூட்டம் நம் மலையில் நடக்கும் ஏற்காடு கோடை விழாவின் வண்டி நெரிசலாலும், டிசம்பர் கூட்டம் புயலாலும் நடைபெறவில்லை. மற்ற மூன்று கூட்டங்கள் எதனால் நடைபெறவில்லை என்பதை அறிவிப்பைக் கையெழுத்திட்டுப் பெற்றுக்கொண்டவர்களே அறிவார்கள்.

ஜூன் 10 அன்று பள்ளி திறந்தபோது வழக்கம்போல் நோட்டுப் புத்தகங்கள் வழங்கப்பட்டன. ஆகஸ்ட் 15, ஜனவரி 26 ஆகிய நாட்களில் கொடியேற்றத்தில் கலந்துகொண்டு மிட்டாய் வழங்கினோம். காந்தி ஜெயந்தியன்று பள்ளியைச் சுற்றியிருந்த உண்ணிச் செடிப் புதர்கள் வெட்டப்பட்டன. பொங்கல் விளையாட்டுப் போட்டிகள் சிறப்பாக நடந்தேறின.

இனி, இவ்வாண்டின் முதன்மையான பணிக்கு, அதாவது பரிசுத் தொகையை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளை மழை அளக்கச் செய்ததற்கு, வருகிறேன். இதைப் பற்றித் தேநீர்க் கடையிலும் பேருந்திலும் பலவாறாகப் பேசப்படுவதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

மன்றம் தொடங்கிய நாள் முதல், ஆண்டுத் தேர்வில் முதல் மூன்று இடம் பெறும் பிள்ளைகளுக்குப் பரிசுத் தொகை அளித்து வந்தோம். பழைய பரிசுப் பதிவேட்டை ஒரு நாள் உட்கார்ந்து புரட்டியபோது, அந்தத் தொகை சுற்றிச் சுற்றி நான்கைந்து வீடுகளுக்கே போய்ச் சேர்ந்திருப்பதைக் கண்டேன். அவற்றுள் ஒன்று என் தம்பியின் வீடு என்பதையும் மறைக்க விரும்பவில்லை. பரிசு வாங்குகிற பிள்ளை அது இல்லாவிட்டாலும் படிக்கும்; வாங்காத பிள்ளைக்கோ, அது தனக்கு இல்லை என்பது ஜூன் மாதமே தெரிந்துவிடுகிறது. இதைக் கணக்கு ஆசிரியையிடம் சொன்னபோது, அவர் தம் பயிற்சிக் காலத்தில் படித்த ஒன்றை எடுத்துச் சொன்னார். 1973இல் அமெரிக்காவில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர், படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை கொண்ட சின்னஞ்சிறு பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, அவர்களுள் சிலருக்கு மட்டும் “வரைந்தால் நற்சான்றிதழ் தருவோம்” என்று முன்கூட்டியே சொல்லி வரையச் செய்தார்களாம். சில நாள் கழித்துப் பார்த்தால், சான்றிதழுக்காக வரைந்த பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறத்தாழப் பாதி நேரமே தாமாக வரைந்திருக்கிறார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களிடம் அந்தக் குறைவு காணப்படவில்லை. நான் காப்பித் தோட்டத்தில் கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆராய்ச்சி பேசத் தகுதி இல்லாதவன். ஆனாலும் நம் பதிவேட்டில் நான் கண்டதும் அவர் சொன்னதும் ஒன்றுக்கொன்று பொருந்தியே இருந்தன.

அதே பேச்சில்தான் ஆசிரியை தம் மனக்குறையையும் சொன்னார். ஏழாம் வகுப்பில் “0.5 பெரியதா, 0.45 பெரியதா?” என்று கேட்டால் பாதிப் பேர் 0.45 என்கிறார்கள், ஐந்தைவிட நாற்பத்தைந்து பெரியது அல்லவா என்று திருப்பிக் கேட்கிறார்கள், பத்து முறை விளக்கினாலும் பதினோராம் முறை அதே விடைதான். பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்க்கையோடு படிப்பை இணைக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு முதல் நெறியாகவே சொல்கிறது என்றும், ஆனால் தசமப் புள்ளி இந்த மலையில் எந்த வீட்டு வாசலில் கிடக்கிறது என்று அது சொல்லவில்லை என்றும் அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

அது எங்கே கிடக்கிறது என்பது எனக்குத் தெரியும். முப்பத்தொரு ஆண்டுகள் நான் எழுதிய மழை நோட்டில் கிடக்கிறது. காப்பித் தோட்டத்தில் மழையை மில்லிமீட்டரில் பேசுகிறவர் குறைவு. ஓர் அங்குலத்தை நூறாகப் பகுத்து, “நேற்று எண்பது சென்ட்” என்றுதான் சொல்வோம். இந்த நோட்டை ஜூன் மாதம் வகுப்பில் கொண்டுபோய் விரித்தபோது, கடைசி வரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்து, “எண்பது சென்ட்லதான் மழ பேஞ்சுதுங்களா ஐயா? மிச்ச எடத்துல பேயலீங்களா?” என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. அவன் வீட்டில் சென்ட் என்றால் நிலம். பத்து சென்ட் இடத்துக்குப் பட்டா கேட்டு அவன் அப்பா அலைந்துகொண்டிருப்பதை நாம் எல்லோரும் அறிவோம். ஆசிரியை சிரிக்கவில்லை. ஏக்கரில் நூறில் ஒரு பங்கும் சென்ட், அங்குலத்தில் நூறில் ஒரு பங்கும் சென்ட், ரூபாயில் நூறில் ஒரு பங்கு பைசா என்று கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். பிறகு அரை அங்குல மழைக்கு எத்தனை சென்ட் என்று கேட்டார். ஐம்பது என்றார்கள். அப்படியானால் 0.5 பெரியதா, 0.45 பெரியதா என்றார். அந்தப் பையன்தான் முதலில் சரியாகச் சொன்னான்.

அன்றே மழைமானி வைப்பதென்று முடிவாயிற்று. செலவு எதுவும் இல்லை என்பதைப் பொருளாளர் கவனிக்க வேண்டுகிறேன். பக்கங்கள் நேராக உள்ள பிளாஸ்டிக் பாட்டிலின் கழுத்தை அறுத்துப் புனல்போல் கவிழ்த்து, அடியில் உள்ள மேடு பள்ளத்தைக் கூழாங்கல் இட்டு நிரப்பி, அதற்கு மேல் கோடு கிழித்த இடம்வரை தண்ணீர் ஊற்றி, அந்தக் கோட்டைச் சுழியாகக் கொண்டு அளவுகோலை ஒட்டினோம். அகலமான பாத்திரம் வைத்தால் மழை அதிகமாகக் கிடைக்குமே என்று ஒரு சிறுமி கேட்டாள். விளக்கம் சொல்லாமல், பாட்டில், எண்ணெய் டப்பா, வாளி ஆகிய மூன்றையும் ஓர் இரவு மழையில் வைத்துப் பார்க்கச் சொன்னோம். பாட்டிலும் டப்பாவும் ஒரே உயரம் காட்டின. வாளி மட்டும் கூடுதலாகக் காட்டியது. வாய் அகன்று அடி குறுகிய பாத்திரம் வாய் அகலத்துக்கு வாங்கி அடி அகலத்தில் அடக்குவதால் நீர் மேலே ஏறுகிறது என்பதை அவர்களே கண்டு சொல்ல இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் பாடம் நடக்கவில்லை என்று புகார் சொன்ன பெற்றோர், அதுதான் பாடம் என்பதைப் பெருந்தன்மையுடன் ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

வானிலைத் துறையினர் காலை 8.30க்கு மழையை அளப்பதால் நாமும் அந்த நேரத்தையே வைத்துக்கொண்டோம். தொடக்க வகுப்புகளுக்குக் காலை உணவுத் திட்டம் வந்த பிறகு, சின்னப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அண்ணன்களும் அக்காக்களும் அந்த நேரத்துக்கு எப்படியும் பள்ளிக்கு வந்துவிடுகிறார்கள் என்பது வசதியாக அமைந்தது. முறைவைத்து இருவர் இருவராக அளந்தார்கள். தன் முறை உள்ள நாளில் எந்தப் பிள்ளையும் விடுப்பு எடுக்கவில்லை என்று தலைமையாசிரியை சொன்னதை இங்கே பதிவு செய்கிறேன்.

எல்லாம் சரியாக நடந்தது என்று சொன்னால் அது அறிக்கையாகாது. ஜூலையில் நோட்டைப் பார்த்தபோது, மழையே இல்லாத ஒரு வாரத்துக்குத் தொடர்ந்து 2 மி.மீ. எழுதப்பட்டிருந்தது. அளக்க மறந்தவர்கள் முந்தைய நாளின் எண்ணைப் பார்த்து எழுதிவிட்டார்கள். நானாக இருந்தால் காதைத் திருகியிருப்பேன். ஆசிரியை அதைச் செய்யாமல், மழை பெய்யாவிட்டால் 0 எழுத வேண்டும், அளக்காவிட்டால் கோடு போட வேண்டும், இரண்டும் ஒன்றல்ல என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு நோட்டில் கோடுகள் இருக்கின்றன, பொய் இல்லை. எஸ்டேட்டில் இருந்த காலத்தில் நானே இப்படிச் சில நாட்கள் எழுதியது உண்டு என்பதால், இந்த இடத்தில் அதிகம் பேச விரும்பவில்லை.

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த பிறகு நம் மலையைப் புரட்டிய இரண்டு நாட்களை யாரும் மறந்திருக்க முடியாது. டிசம்பர் 1 ஞாயிற்றுக்கிழமை. பள்ளியை ஒட்டிய வீட்டில் இருக்கும் ஆறாம் வகுப்புப் பையன், பாட்டில் மாலைக்குள் விளிம்பை நெருங்கியதைத் தன் வீட்டுத் திண்ணையிலிருந்தே பார்த்து, அது வழிந்துவிட்டால் கணக்குப் போய்விடும் என்று, அளவைக் குறித்துவிட்டுக் கொட்டிக் காலி செய்து மீண்டும் வைத்திருக்கிறான். மறுநாள் காலை அளவையும் சேர்த்துக் கூட்டினால் 200 மி.மீ.-ஐத் தாண்டியது. இதைச் செய் என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. அவன் மழையில் நனைந்தது குறித்து அவன் பாட்டி என் வீட்டுக்கே வந்து பேசிய சொற்களை நான் மனமார ஏற்றுக்கொண்டேன். கனமழை நாட்களில் பிள்ளைகள் வெளியே வரக்கூடாது என்ற விதி அதன் பிறகே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதப்பட்டது.

பூ மழைக் காலத்தில் நடந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். காப்பிச் செடியின் மொட்டு, வறட்சியில் உறங்கிக் கிடந்து, ஏறத்தாழ ஓர் அங்குல மழை கிடைத்தால் எட்டுப் பத்து நாளில் ஒன்றாக விரியும் என்பது இங்குள்ள யாருக்கும் புதிதல்ல. மார்ச்சில் ஒரு மழைக்கு மறுநாள் காலை, அளந்துவிட்டுக் கடைக்கு வந்த ஏழாம் வகுப்புச் சிறுமியிடம் தோட்டக்காரர் ஒருவர், “எத்தன சென்ட் கண்ணு?” என்று கேட்டார். அவள் நோட்டைப் பார்த்து, 15.5 மி.மீ. என்பதை 25.4ஆல் வகுத்து, உள்ளங்கையிலேயே பேனாவால் கணக்குப் போட்டு, “61 சென்ட்டுங்க மாமா” என்றாள். “அப்ப நூறு ஆகல, தண்ணி பாய்ச்சணும்” என்று அவர் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் பைப் எடுக்கப் போனார். அந்தச் சிறுமி அவர் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் இதுவரை நம் பரிசுப் பதிவேட்டில் இடம் பெறாதவள்.

இதனால் மதிப்பெண் உயர்ந்ததா என்று கேட்கிறார்கள். ஒரே ஆண்டில் அதைச் சொல்ல நான் துணிய மாட்டேன்.

பரிசு நிறுத்தப்பட்டது குறித்து இனிப் பேசலாம். தம் தந்தையார் நினைவாக முதல் பரிசை வழங்கி வந்த உறுப்பினர் ஒருவர், தம்மைக் கேட்காமல் இது செய்யப்பட்டது என்று வருந்தி ஆகஸ்ட் முதல் மன்றத்துக்கு வருவதில்லை. அவர் வருத்தத்தில் நியாயம் உண்டு. இந்த முடிவு எடுக்கப்பட்ட கூட்டத்தில், விதிப்படி ஏழு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து பேரே இருந்தோம் என்பதும் உண்மை. ஆனால் மீதி இருவர் வரட்டும் என்று மாலை 5 மணியிலிருந்து 7.30 வரை காத்திருந்தோம் என்பதும், அந்த இருவருள் அவரும் ஒருவர் என்பதும் அதே அளவு உண்மை. அவர் தந்தையார் பெயரால் முறையான மழைமானி ஒன்றைப் பள்ளிக்கு வழங்கலாம் என்று நான் எழுதிய கடிதத்துக்கு இன்னும் மறுமொழி வரவில்லை. அவர் வீட்டார் இங்கே வந்திருப்பதால் இதைச் சொல்கிறேன்.

சந்தாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பதிவேட்டில் 62 உறுப்பினர்கள் இருக்கிறோம். மாதம் 20 ரூபாய். ஆண்டு முழுவதும் செலுத்தியவர்கள் 19 பேர். கீழே சேலத்தில் குடியேறிவிட்ட உறுப்பினர்கள் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் காரணம் காட்டுகிறார்கள். கோயில் திருவிழாவுக்கும் பலாப்பழக் காலத்துக்கும் அந்த வளைவுகள் அவர்களைத் தடுத்ததாகத் தெரியவில்லை. இருவர் கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பியதாகச் சொல்கிறார்கள்; அது யாருக்குப் போயிற்று என்பது விசாரணையில் இருக்கிறது.

வரவு செலவைப் பொறுத்தவரை, சென்ற ஆண்டு இருப்புடன் இவ்வாண்டு வரவையும் சேர்த்துச் செலவு போகச் சிறு தொகை கையிருப்பில் உள்ளது. விவரங்களைப் பொருளாளர் தம் ரசீதுகள் அனைத்தும் கிடைத்தவுடன் தனியே வாசிப்பார். நோட்டு, அளவுகோல், பசை ஆகியவற்றுக்கு நான் கைப்பணத்திலிருந்து செலவிட்டதை மன்றக் கணக்கில் காட்டவில்லை, கேட்கவும் போவதில்லை.

தலைமையாசிரியைக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும், நாற்காலி தந்து உதவியவர்களுக்கும், கூட்டம்தோறும் காப்பி வழங்கிய பொருளாளர் வீட்டம்மாவுக்கும் நன்றி. கணக்கு ஆசிரியைக்கு மட்டும் ஒரு வரியில் நன்றி சொல்லி முடிக்க மனம் வரவில்லை. அவருக்கு இவ்வாண்டு பணியிட மாறுதல் வரக்கூடும் என்கிறார்கள். வந்தால் நோட்டு நிற்கும். நிற்காமல் இருக்க வேண்டுமானால் ஊரில் யாராவது ஒருவர் காலை 8.30க்குப் பள்ளி வாசலில் நிற்க வேண்டும்.

எனக்கு 67 வயதாகிறது. முழங்கால் ஏற்றத்துக்கு ஒத்துழைப்பதில்லை. செயலாளர் பொறுப்பை இளையவர் ஒருவர் ஏற்க வேண்டும் என்பதே என் விருப்பம். யாரும் முன்வராத நிலையில் மன்றம் மீண்டும் என்னையே பணித்தால், மறுத்துப் பேசும் வழக்கம் எனக்கு இல்லை.

பிள்ளைகள் எழுதிய மழை நோட்டு அறையின் பின்பக்க மேசையில் வைக்கப்பட்டிருக்கிறது. போகும்போது அனைவரும் புரட்டிப் பார்க்க வேண்டுகிறேன். சந்தா ரசீதுப் புத்தகமும் அதன் அருகிலேயே இருக்கிறது.

இப்படிக்கு,
செயலாளர்