முடித்துவைக்கப்பட்ட ஒரு புகார் குறித்து

எங்கள் ஊராட்சிக்குக் குடிநீர் வழங்கும் பொறுப்பிலுள்ள அதிகாரிகளுக்கு,

வணக்கம். கடலூர் உப்பனாற்றை ஒட்டிய எங்கள் தெருவிலிருந்து மூன்று முறை மனு வந்த கதை தங்களுக்குத் தெரியும் என்பதால் அதை மறுபடியும் விவரிக்கவில்லை. சென்ற வாரம் என் கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்தியைப் பற்றியே இம்மடல். 'தங்கள் வீட்டில் குழாய் இணைப்பு உள்ளது. புகார் முடித்துவைக்கப்பட்டது' என்கிறது அது. இணைப்பு இல்லையென்று நாங்கள் எப்போது சொன்னோம்? அதில் வரும் நீர் வாயில் வைக்க முடியாதபடி கரிக்கிறது, குடிக்கத்தக்க நீர் வேண்டும் என்றுதானே எழுதியிருந்தோம்!

இந்தக் கரிப்பை அறிய ஆய்வகம் வேண்டாம், அடுப்படியே போதும். குழாய் நீரில் வைத்த துவரம்பருப்பு, குக்கரில் ஏழு விசில் வந்த பிறகும் மசியாமல் முழுசுமுழுசாகக் கிடக்கிறது. ஆகவே தினமும் ஒரு கேன் தண்ணீர், முப்பத்தைந்து ரூபாய். எதிர்வீட்டு அம்மாள் துறைமுகத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாகக் கூடை சுமந்து விற்பவர். வியாபாரம் படுத்த நாளில் அவரால் கேன் வாங்க முடியாது. அன்று அரிசியைக் குழாய் நீரில் களைந்துவிட்டு, உலை வைக்க மட்டும் எங்கள் வீட்டுக்கு வருவார், செம்பை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு. முப்பது ஆண்டுகளாக எங்களிடம் உப்பு, புளி, கடன் எல்லாம் கூச்சமின்றிக் கேட்டு வாங்கியவர், இப்போது தண்ணீர் கேட்கக் கூசுகிறார்.

மாசற்ற நீர் அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1991இலேயே கூறிவிட்டது. 2010 ஜூலை 28 அன்று தூய குடிநீரை மனித உரிமையாக ஐ.நா. பொதுச்சபை ஏற்றபோது, இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்தது. ஊரக வீடுகளுக்கென்று 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டமும் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் நீரை, நிர்ணயித்த தரத்தில் தர வேண்டும் என்றே சொல்கிறது. 'நிர்ணயித்த தரத்தில்' என்ற இரண்டு சொற்கள் மட்டும் தங்கள் பதிவேட்டில் எப்படியோ விடுபட்டுவிட்டன.

இதே மாவட்டத்து வீராணம் ஏரியின் நீர் 2004 முதல் இருநூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள சென்னைக்குக் குழாய் வழியே போகிறது. சென்னைவாசிகள் குடிப்பதில் எங்களுக்குப் பொறாமை இல்லை. அவர்களுக்கும் தாகம் உண்டு. ஆனால் அவ்வளவு தொலைவுக்கு நீரைக் கொண்டுசெல்லத் தெரிந்தவர்கள், எங்கள் ஆழ்துளைக் கிணறு உவர்ப்பாகிவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள இன்னும் எத்தனை மனு கேட்பார்கள்? ஐப்பசி, கார்த்திகையில் வாசற்படி தாண்டி உள்ளே வரும் வெள்ளத்தையும் வீட்டு இணைப்பாகக் கணக்கில் ஏற்றிவிடுவார்களோ என்றுகூட அச்சமாக இருக்கிறது.

வருத்தத்தில் வார்த்தை சற்று நீண்டுவிட்டது; பொறுத்தருள்க. முடித்துவைத்த அந்தப் புகாரைத் தயவுசெய்து மீண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் குழாய் நீரைப் பரிசோதித்து, முடிவை ஊராட்சி அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். குழாயில் குடிக்கத்தக்க நீர் வரும்வரை லாரியிலாவது குடிக்கத்தக்க நீரை அனுப்புங்கள்.

மாதிரி எடுக்க வருபவரைக் காலை ஆறு மணிக்குள் அனுப்பிவைக்க வேண்டுகிறேன். ஆறரைக்குக் குழாய் நின்றுவிடும்.

இப்படிக்கு,
உப்பனாற்றங்கரைவாசி ஒருவர்