ஹீட்டர் விஷயமா எழுதுறேன்

பாப்பா,

உன் மெசேஜ் வந்து 11 நாளாச்சு. கோவத்துல எழுதல, சிக்னலுக்கு மேடு ஏறணும்னு நீ சொன்னது ஞாபகம் இருக்கு, ஆனா வாராவாரம் தண்ணி பிடிக்க ஊருக்குள்ள போறவளுக்கு அப்பாவுக்கு ஒரு வரி போட முடியாதா என்ன. சரி விடு.

ஹீட்டர் போட்டு தூங்காத. எரியும்போது வேன் ஜன்னல் ரெண்டையும் ரெண்டு விரக்கடை திறந்து வை, படுக்கும்போது அணைச்சிட்டு வெந்நீர் பாட்டில காலடியில போட்டு போர்த்திக்கோ.

நீ அனுப்பின போட்டோவ மாடி வீட்டு சார்கிட்ட காட்டினேன், வயரிங் பூரா என் பொண்ணே பண்ணதுன்னு. குளிர்காலத்துல சூரியன் தாழ்வா போகும், அதனால சோலார் பேனல படுக்கப் போடாம நிமித்தி வைக்கணும்னு நீ சொன்னத நானே கண்டுபிடிச்ச மாதிரி அளந்து விட்டேன். லித்தியம் பேட்டரிய 0 டிகிரிக்கு கீழ சார்ஜ் ஏத்தினா கெட்டுப் போகுமாமே, விடிஞ்சதும் ஏத்தாத. உனக்குத் தெரியும். பேட்டரி குளிரக் கூடாதுன்னு ராத்திரி பூரா ஹீட்டர ஓட விடுவியோன்னுதான்.

வறண்ட ஓடையில வண்டிய போடாத, மழை எங்கயோ பெய்யும், வெள்ளம் உன்கிட்ட வந்து நிக்கும். குளிர்ல தாகம் தெரியாது, தண்ணி குடி. ஜன்னல் ரெண்டும்.

நீ எப்ப வருவேன்னு சித்தி கேட்டா. குளிர்காலம் முடிஞ்சதும்னேன். எந்த குளிர்காலம்னு கேக்கல, நல்லவேளை.

"ராத்திரி சத்தமே இல்லப்பா, என் காதுக்குள்ள ரத்தம் ஓடுறது கேக்குது"ன்னு போன தடவ சொன்னியே, அது சந்தோஷத்துல சொன்னதா வேற மாதிரியான்னு எனக்குப் புரியல. கேக்கவும் வரல. ஹீட்டர அணைச்சியான்னுதான் கேட்டேன்.

நான் ஏன் இதையே பிடிச்சுட்டு தொங்குறேன்னு உனக்கு எரிச்சலா இருக்கும். மலை குவார்ட்டர்ஸ்ல ஒரு ராத்திரி நீயும் அம்மாவும் வாந்தி எடுத்து தலவலில சுருண்டு கெடந்தீங்களே, அம்மா சமையல்தான் காரணம்னு இத்தன வருஷம் சொல்லிச் சொல்லி சிரிச்சோமே, அது சமையல் இல்ல. கரிச்சட்டிய ரூமுக்குள்ள வச்சு கதவ சாத்தினது நான். அம்மா வேணாம்னா, குளிருதுல்லனு அதட்டினேன். அப்புறம் வெளிய நின்னு சிகரெட் பிடிச்சிட்டிருந்தேன், எனக்கு ஒண்ணும் ஆகல. உள்ள வந்து உன்ன கூப்பிட்டா நீ எழுந்திரிக்கல, தோள்ல போட்டுக்கிட்டு வாசலுக்கு ஓடினேன், பனிக்காத்து பட்டு ரொம்ப நேரம் கழிச்சுதான் அழுத. கரி எரியும்போது வர்ற அந்த வாயுவுக்கு வாசனையும் இல்ல நிறமும் இல்ல, அப்ப அதோட பேரு கூட எனக்குத் தெரியாது, ஆனா கரிதான் காரணம்னு அன்னிக்கே தெரியும். அம்மா கடைசி வரைக்கும் தன் கைப்பக்குவம்தான்னு நம்பிட்டே போயிட்டா. நீ அவள கிண்டல் பண்றப்ப எல்லாம் நானும் கூட சேந்து சிரிச்சேன்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டிட்டேன்னு சொன்னேல்ல, அதுல டெஸ்ட் பட்டன் ஒண்ணு இருக்கும். அத அழுத்தி, அந்த சத்தத்த வாய்ஸ் மெசேஜா அனுப்பு. நீ பேசணும்னு இல்ல.

அப்பா