சுமதிக்கு, உன் மகள் கேட்ட படிப்பைப் பற்றி

தலவாக்கலை,
ஞாயிறு இரவு

அன்புள்ள சுமதி,

உன் குரல் பதிவை முழுக்கக் கேட்டேன். நானும் பேசியே அனுப்பலாம் என்றால் இந்த மழைக்குச் சிக்னல் நிற்பதாக இல்லை. எழுதி வைத்தால் நாளைக்கு டவுனுக்குப் போகும்போது போய்ச் சேர்ந்துவிடும். அம்மா சுகம். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. தோட்டத்து வேலையை விட்டும் விடியற்காலையில் எழும்பி ரொட்டி சுடுவதை மட்டும் விடவில்லை. நம்மோடு படித்த மல்லிகாவுக்கு மகளிர் மருத்துவமனையில் நல்ல வேலை கிடைத்து மாத்தளைக்குப் போய்விட்டாள். உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

சரி, உன் மகள் விஷயத்துக்கு வருகிறேன். விளையாட்டுப் போசாக்கு படிக்கப் போகிறேன் என்கிறாள், ஒரு வருட ஆன்லைன் சான்றிதழ் போதுமா என்று கேட்கிறாள், நீ பயப்படுகிறாய். பயப்பட ஒன்றும் இல்லை. ஆனால் அந்தச் சான்றிதழ் போதாது. அதை முதலிலேயே சொல்லிவிடு, பணம் கட்டிவிட்டு அழ வேண்டாம்.

இந்த வேலைக்கு வர இங்கே இரண்டு வாசல் உண்டு. ஒன்று உணவுப் பக்கம். நான் வந்தது அப்படித்தான், வயம்ப பல்கலைக்கழகத்தின் மாகந்துர வளாகத்தில் உணவு விஞ்ஞானமும் போசணையும் படித்து. இன்னொன்று விளையாட்டுப் பக்கம். பெலிஹுல்ஓயாவில் இருக்கும் சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானம் பட்டப்படிப்பாகவே இருக்கிறது. எந்த வாசலால் வந்தாலும் மற்றப் பக்கத்தைத் தானாகத் தேடித்தான் படிக்க வேண்டும். உணவு படித்தவளுக்குத் தசை என்ன செய்கிறது என்று தெரியாது, விளையாட்டு படித்தவனுக்குப் பருப்பு எவ்வளவு வேகும் என்று தெரியாது. பட்டம் கையில் இருந்தால் சர்வதேச ஒலிம்பிக் குழு நடத்தும் விளையாட்டுப் போசாக்கு டிப்ளோமாவை வீட்டிலிருந்தே படிக்கலாம். இரண்டு வருடம், எல்லாம் ஆங்கிலத்தில். உயர்தரப் பரீட்சைக்கு இரசாயனவியலை அவள் விட்டுவிடாமல் பார்த்துக்கொள். உயிரியல் பிடிக்கும், கெமிஸ்ட்ரி பிடிக்காது என்று சொல்லும் பிள்ளைகள் எல்லாம் இரண்டாம் வருட உயிர்இரசாயனத்தில் தவிப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

படிப்பில் நிறைய எண்கள் வரும். அவளுக்கு அது ஆச்சரியமாக இருக்கும். தினம் ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கடினமாகப் பயிற்சி செய்பவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 6 முதல் 10 கிராம் மாச்சத்து, புரதம் 1.2 முதல் 2 கிராம். 2016இல் அமெரிக்க, கனேடிய அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட கணக்கு இது, பரீட்சைக்கு மனப்பாடம் செய்துவிடலாம். நம் ஊர்ப் பிள்ளைக்கு இதைப் போட்டுப் பார்க்கும்போதுதான் வேலை தொடங்குகிறது. 45 கிலோ எடையுள்ள ஒரு பிள்ளை 1500 மீட்டர் ஓடுகிறாள் என்று வை. மாச்சத்து குறைந்தது 270 கிராம், புரதம் கிலோவுக்கு 1.5 கிராம் என்று வைத்தால் சுமார் 68 கிராம் வேண்டும். 100 கிராம் கோதுமை மாவில் கிட்டத்தட்ட 75 கிராம் மாச்சத்தும் 10 கிராம் புரதமும் இருக்கிறது. ஆக, தோட்டத் தொழிலாளர் வரிசையாக வாழும் லயத்து வீட்டில் ரொட்டியும் சோறும் மாச்சத்தை ஒருவாறு நிரப்பிவிடும். புரதத்தில்தான் பள்ளம். ஒரு முட்டையில் 6 கிராம். காய்ந்த மைசூர்ப் பருப்பு 50 கிராமில் 12 கிராம். ஆனால் ஐந்து பேருக்கு அரைக் கோப்பைப் பருப்பில் தண்ணீர் ஊற்றி வைக்கும் வீட்டில் ஒரு பிள்ளைக்கு 50 கிராம் எங்கே போய்ச் சேரும்? எங்களுக்குத் தந்த பாடக் குறிப்புகளில் ஓட்ஸும் கிரேக்கத் தயிரும் வான்கோழி இறைச்சியும்தான் உதாரணம். கட்டச் சம்பலுக்கு அதில் இடமே இல்லை.

அளவெடுக்கும் பயிற்சி எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஐசாக் என்று ஒரு சர்வதேச அமைப்பு, உடலை எப்படி அளக்க வேண்டும் என்று வரையறுத்து, படிப்படியாகத் தகுதி தருகிறது. தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பை அறியத் தோல் மடிப்பை மட்டும் எட்டு இடத்தில் எடுக்க வேண்டும். முதலில் தோள் எலும்பின் ஓரத்தை விரலால் தடவிக் கண்டுபிடித்து பேனாவால் புள்ளி வைக்க வேண்டும், முழங்கைப் பக்கத்து எலும்பிலும் அப்படியே. இரண்டுக்கும் நடுவில், கையின் பின்புறத்தில்தான் இடது கைப் பெருவிரலும் ஆள்காட்டி விரலும் தோலைக் கிள்ளித் தூக்க வேண்டும். மடிப்பின் தடிப்பை அளக்கும் கவ்வியான கலிப்பரை ஒரு சென்டிமீட்டர் தள்ளி வைத்து, இரண்டு வினாடி பொறுத்து முள்ளைப் படிக்க வேண்டும். புள்ளி சற்று விலகினாலும் எண் மாறிவிடும். அதனால் மடிப்பைவிட எலும்பைத் தேடுவதில்தான் நேரம் போகும். என் சித்தி மகள்மார் எல்லாரும் பழகிப் பார்க்கக் கை கொடுத்தார்கள், கிள்ளுக்குத் திட்டும் வாங்கினேன். இன்னொன்று: பெண் பிள்ளைகளை அளக்கப் பெண்கள் வேண்டும். மலையகப் பள்ளிகளில் ஒரு ஆண் பயிற்றுநர் கலிப்பரைக் கையில் எடுத்தால் எந்தத் தாய் சம்மதிப்பாள்? உன் மகளுக்கு இங்கே வேலை இருக்கிறது என்று நான் சொல்வதற்கு அது ஒன்றே போதும்.

போன தவணை நான் படிப்பிக்கும் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் தருஷி கருணாரத்ன 800 மீட்டரில் தங்கம் எடுத்தார் இல்லையா, கண்டிப் பக்கத்துப் பிள்ளை, அதன் பிறகு இங்கேயும் சின்னப் பிள்ளைகள் நடுத்தூரம் ஓடுகிறோம் என்று வருகிறார்கள். அப்படி வந்த ஒருத்தி நன்றாக ஓடுவாள், கடைசிச் சுற்றில் மட்டும் முகம் வெளிறி நின்றுவிடுவாள். சோம்பல் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் "சாப்பிட்டேன் மிஸ்" என்பதோடு சரி. அப்படிக் கேட்கக் கூடாது என்பதுதான் முதல் பாடம். எழும்பியதும் என்ன குடித்தாய், பள்ளிக்கு எதில் கட்டிக்கொண்டு வந்தாய், யார் கட்டித் தந்தது, திரும்பிப் போனபோது வீட்டில் யார் இருந்தார்கள் என்று நாளை அவளோடு சேர்ந்து நடக்க வேண்டும். அப்படிக் கேட்டதில் வந்தது இதுதான்: காலையில் சீனி போட்ட சாயத்தண்ணி, இடைவேளைக்கு ரொட்டியும் சம்பலும், அதோடு போத்தலில் இன்னொரு சாயத்தண்ணி, இரவில் சோறும் பருப்பும், மறுபடியும் தேத்தண்ணி.

சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் பருப்பிலும் கீரையிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வது பாதிக்கும் மேல் குறையலாம். தேயிலையின் துவர்ப்புச் சத்து இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. உலகத்துக்கே தேயிலை பறித்துக் கொடுக்கிற வீட்டில் பிள்ளைக்கு இரத்தம் குறைவதற்கு அதுவும் ஒரு காரணம் என்றால் கோபம் வருகிறதா, சிரிப்பு வருகிறதா சொல். தேநீரை நிறுத்தச் சொன்னால் எந்த வீட்டிலும் நடக்காது. நானே நிறுத்தமாட்டேன். சாப்பிட்டு ஒரு மணி நேரம் தள்ளிக் குடி என்று சொன்னால் நடக்கும். வல்லாரைச் சம்பலுக்கு எலுமிச்சை பிழிந்துகொள், கொய்யா கிடைத்தால் விடாதே, நெத்தலிக் கருவாட்டைத் தம்பிக்கு மட்டும் எடுத்து வைக்காமல் உனக்கும் போட்டுக்கொள். இவ்வளவுதான் சொன்னேன். மற்றபடி இரத்தம் சோதிக்க ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், ஏனென்றால் நோயைக் கண்டுபிடிப்பது நம் வேலை இல்லை.

அங்கேயும் ஒரு நுணுக்கம் உண்டு. பெண்களுக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் இரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. ஆனால் உயரமான இடத்தில் வாழ்பவர்களுக்கு இரத்தம் இயல்பாகவே கொஞ்சம் கெட்டியாக இருக்கும், அதனால் எல்லையைக் கூட்டித்தான் பார்க்க வேண்டும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீட்டர். அங்கே ஒரு பிள்ளைக்கு 12.3 என்று வந்தால் தாளில் எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் பிள்ளைக்குச் சரியில்லை. கொழும்பில் படித்து வருபவர்களுக்கு இது சட்டென்று தோன்றாது. நம் பிள்ளைகளுக்குத் தோன்ற வேண்டும். கடைசிச் சுற்றில் நின்றுவிடும் அந்தப் பிள்ளை இப்போது மருந்து எடுக்கிறாள், கொஞ்சம் தெளிந்திருக்கிறாள். பதக்கக் கதை எதுவும் இன்னும் இல்லை.

இன்னொரு விஷயத்தை உனக்குத்தான் எழுத முடியும். ஞாபகம் இருக்கிறதா, பள்ளிக்கூட அஞ்சல் ஓட்டக் காலத்தில் உனக்கும் எனக்கும் மாதவிடாய் மாதக்கணக்கில் வராமலே இருந்தது? "ஓடுகிற பிள்ளைகளுக்கு அப்படித்தான், நல்லதுதானே" என்று சொன்னார்கள், நாமும் சந்தோஷப்பட்டோம். அது நல்லது இல்லையடி. ஓட்டத்துக்குச் செலவான சக்தி போக உடம்பை நடத்துவதற்கு மிச்சம் போதாதபோது, உடம்பு முதலில் நிறுத்துகிற கணக்குகளில் அதுவும் ஒன்று. எலும்பு வளரும் வயதில் எலும்பும் சேர்ந்து நட்டப்படும். 2014இல் ஒலிம்பிக் குழு இதற்கு ரெட்-எஸ் என்று பெயர் வைத்து அறிக்கை வெளியிட்டது, 2023இல் புதுப்பித்திருக்கிறது. ஆண் பிள்ளைகளுக்கும் இந்தக் குறை வரும் என்கிறது அது. அந்தப் பாடம் நடந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உன் கால் எலும்பு வெடித்துக் கட்டுப் போட்டுக்கொண்டு நீ உட்கார்ந்திருந்த அந்த வருடம்தான் நினைவுக்கு வந்தது. அதுதான் காரணம் என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது, ஆனால் அன்றைக்குக் கேட்க ஒரு ஆளாவது இருந்திருக்கலாம்.

புரதப் பவுடர் பற்றியும் உன் மகள் கேட்டிருக்கிறாள். டவுனில் ஒரு ஜிம்மில் பெரிய டின்களை அடுக்கி வைத்து, பத்தாம் வகுப்புப் பையன்களுக்குக்கூட விற்கிறார்கள். அந்தக் காசுக்கு எத்தனை முட்டை வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினால் பையன்கள் கேட்கிறார்கள், அப்பாமார் அதைவிட நன்றாகக் கேட்கிறார்கள். விலையைவிடப் பெரிய பயம் வேறு. டின்னில் எழுதாத ஊக்கமருந்து உள்ளே கலந்திருந்தாலும், சிறுநீர்ப் பரிசோதனையில் வந்தால் பொறுப்பு விளையாட்டு வீரருக்குத்தான், தெரியாது என்ற பேச்சு எடுபடாது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இங்கேயும் ஊக்கமருந்துத் தடுப்பு முகவர் நிலையம் வந்துவிட்டது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பின் தடைப் பட்டியல் ஒவ்வொரு ஜனவரி முதலாம் திகதியும் மாறும், அதை வருடா வருடம் படிக்க வேண்டியதும் இந்தத் தொழிலின் பகுதி. கஃபீன் 2004லேயே அந்தப் பட்டியலிலிருந்து போய்விட்டது என்று கேள்விப்பட்டு ஒரு பையன், ஓடுவதற்கு முன் தேத்தண்ணி குடிக்கலாமா என்றான். ஆராய்ச்சியில் சொல்லும் அளவுக்கு வர அவன் நான்கு கோப்பையாவது குடிக்க வேண்டும். குடித்துவிட்டு மைதானத்துக்கு ஓடமாட்டாய், வேறு இடத்துக்குத்தான் ஓடுவாய் என்றேன்.

வருமானத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தப் பெயரில் வேலை இடங்கள் இலங்கையில் கைவிரல் விட்டு எண்ணும் அளவுதான், அதுவும் கொழும்பில். தேசிய அணிகள், கிரிக்கெட், சில தனியார் மருத்துவமனைகள், பெரிய ஜிம்கள். நான் விஞ்ஞான ஆசிரியையாகச் சம்பளம் வாங்கிக்கொண்டு மிச்ச நேரத்தில் இதைச் செய்கிறேன். உன் மகளும் ஒரு பிடிமானத்தோடு வரட்டும், ஆசிரியத் தொழிலோ ஆஸ்பத்திரிப் போசாக்கோ எதுவோ ஒன்று. ஆசையைக் கெடுக்க இதைச் சொல்லவில்லை. முழு நேர வேலை என்று நம்பி வந்து இரண்டாம் வருடம் துபாய்க்குப் போனவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம், படிப்பில் சேருவதற்கு முன்னால் அவள் ஒரு வேலை செய்யட்டும். ஒரு மாதம் உன் சமையலறையை அவள் நடத்தட்டும், நீ கொடுக்கும் காசுக்குள். அரிசியையும் பருப்பையும் தராசில் நிறுத்துப் போட்டு, யார் தட்டில் எவ்வளவு விழுந்தது என்று எழுதி வைக்கட்டும். ஏழு மணிக்கு மலைக்குப் போய் நாலரைக்குத் திரும்பும் ஒரு தாயிடம் போய் இதைச் சமை, அதைச் சமை என்று சொல்ல எனக்கு எந்த வகுப்பும் கற்றுத் தரவில்லை. அந்தத் தாய்க்கு ஏற்கெனவே அடுப்பில் என்ன இருக்கிறதோ அதற்குள் ஒரு முட்டையை, ஒரு பிடி நெத்தலியை எங்கே நுழைக்கலாம் என்று பார்க்கத் தெரிந்தவள்தான் இங்கே நிலைப்பாள். அம்மாவிடம்தான் நான் அதைப் படித்தேன் என்று சொன்னால் அம்மா நம்பமாட்டேன் என்கிறாள்.

டிசம்பர் விடுமுறையில் அவளை இங்கே அனுப்பி வை. மைதானத்துக்கும் லயங்களுக்கும் என்னோடு வரட்டும், கலிப்பர் பிடிக்கவும் சொல்லிக் கொடுக்கிறேன். வவுனியா வெயிலில் வளர்ந்த பிள்ளை, கம்பளிச் சட்டை இரண்டு கட்டாயம் கொடுத்து அனுப்பு. நீயும் கூட வந்தால் முருங்கையிலையை நிழலில் காய வைத்து ஒரு பை கொண்டு வா. இந்தக் குளிருக்கு இங்கே முருங்கை பிடிக்காது, ரொட்டி மாவில் போட்டுப் பிசைந்தால் பிள்ளைகள் சாப்பிடுகிறார்களா என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
ராணி